அணைக்காத மைக்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற வேலை சிட்டுவுக்கு. சான்றிதழில் வேறு பெயர் உண்டு. ஆனால் உருவத்தைப் பார்த்துச் சின்ன வயதில் வைத்த சிட்டுதான் கல்யாணத்துக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டது. ஆள்தான் சிட்டு, குரல் அப்படி இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வண்டி கிளம்பப் போகிறது என்று அவள் சொன்னால், கழிப்பறைக்குள் இருப்பவர்கூட அவசரப்படுவார்.

அந்தக் குரலுக்காகத்தான் நாத்தனார் அவளைப் படகில் ஏற்றினார். கணவனுடைய அக்கா அவர், சிட்டு அண்ணி என்று கூப்பிடுவாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அறுபதை நெருங்கும் வயது, நெட்டை உருவம், கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளை குட்டி கிடையாது. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் ஒரு படகு கிளப் இருந்தது. நாத்தனார் அதில் பழைய உறுப்பினர். நான்கு பெண்கள் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்து வலிக்கிற, ஒடுங்கிய, நீளமான பந்தயப் படகு அவர்களுடையது. நான்கு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்வார்கள். ஆகவே வழி பார்த்துச் சுக்கான் பிடிக்கவும், எப்போது வலிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று குரல் கொடுக்கவும் ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் காக்ஸ் என்று பெயர். எடை குறைவாக இருக்க வேண்டும், வாய் பெரிதாக இருக்க வேண்டும். பழைய காக்ஸ் மாற்றலாகிப் போனதும் நாத்தனார் தம்பி வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, “உன் வாய்க்கு ஒரு வேலை இருக்கு, வர்றியா?” என்று கேட்டார். சிட்டுவின் கணவனுக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

பாடமெல்லாம் காரிலேயே நடந்தது. விடிகிற நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் காரில் வந்து நாத்தனார் அவளை ஏற்றிக்கொள்வார். கற்றுத்தரும் கார் என்பதால் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருந்தது. பயந்துபோய் அதை மிதித்துத் தொலைக்காதே என்பதுதான் முதல் பாடம். அதற்குப் பிறகு படகுப் பாஷை. துடுப்பு தண்ணீரில் இறங்குகிற கணத்துக்குக் கேட்ச் என்று பெயர். நான்கும் ஒன்றாக இறங்கினால் ஒரே சத்தம்தான் கேட்கும். ஒன்று பிந்தினாலும் படகு நொண்டும். துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு, கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் இடித்தால் நண்டு கவ்விவிட்டது என்பார்கள். காக்ஸுக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்கிறவர் ஸ்ட்ரோக். அவர் வலிப்பதுதான் தாளம். மற்ற மூவரும் தங்களுக்கு எதிரே தெரிகிற முதுகைப் பார்த்து அதே தாளத்தில் வலிக்க வேண்டும். காக்ஸிடமிருந்து ஆகத் தள்ளி, படகின் மூக்கை ஒட்டி உட்கார்கிறவர் பௌ. அது நாத்தனாருடைய இடம். சிட்டு முதல் நாள் “பௌ!” என்று கூப்பிட்டபோது கரையில் படுத்திருந்த நாய் எழுந்து பதில் சொன்னது. அன்று ஒருவராலும் ஒழுங்காகத் துடுப்புப் பிடிக்க முடியவில்லை.

நாத்தனார் சொல்லித்தர மறந்தது ஒன்று உண்டு. துறை நெருங்குகிறதே, கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று சிட்டு ஒரு நாள் “ஈஸி” என்று சொன்னாள். நான்கு பேரும் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். படகு ஆற்று நடுவில் நின்றது. வேலைநிறுத்தம் செய்கிறார்கள் போல என்று நினைத்து அவள் ஏன் என்று கேட்க, “நீதானே நிறுத்தச் சொன்னே?” என்றார் ஸ்ட்ரோக் இடத்தில் இருந்த டீச்சர். படகில் ஈஸி என்றால் நிறுத்து. இத்தனை வருஷமாக அதைச் சுலபம் என்று நினைத்திருந்தது தன் தவறுதான் என்று சிட்டுவும் ஒத்துக்கொண்டாள்.

சீக்கிரமே அவள் தேறிவிட்டாள். தேறியதோடு நில்லாமல் ருசியும் கண்டுவிட்டாள். பேருந்து நிலையத்தில் அவள் குரலைக் கேட்டு ஓடுகிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. புகுந்த வீட்டிலோ எல்லோரும் பேசி முடித்த பிறகு தட்டுகளை எடுக்கும்போதுதான் அவள் முறை வரும். படகில் அப்படி இல்லை. அவள் சொன்னால் நான்கு பெரிய பெண்கள் மூச்சு வாங்க வலித்தார்கள். நிறுத்து என்றால் நிறுத்தினார்கள். ஸ்ட்ரோக் இடத்தில் டீச்சர், பள்ளியில் வேதியியல் எடுப்பவர். அவருக்கு அடுத்து நர்ஸ். அடுத்தவள் வங்கியில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவள் பேங்க். நாத்தனார் கடைசி. நெற்றியில் பட்டை கட்டி, வாய்க்கு முன்னால் சின்ன மைக்கை வைத்துக்கொண்டு சிட்டு பேசினால், இருக்கைகளுக்கு அடியிலிருக்கும் ஒலிபெருக்கிகளில் ஒவ்வொருத்தர் காலடியிலும் அவள் குரல் எழும்பும். அந்தப் பட்டையை மாட்டியதும் தான் ஒரு சுற்று வளர்ந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றும்.

கோடையில் கிளப்புகளுக்கிடையே பந்தயம் வரப்போகிறது என்றானதும் பயிற்சி கடுமையானது. கோச் மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்து கவனித்தார். கவனித்துவிட்டு ஒவ்வொரு நாளும் சொன்னது ஒன்றுதான்: பௌ பிந்துகிறது. மூன்று துடுப்பு இறங்கிய பிறகு நாலாவது இறங்குகிறது. ஈஸி என்றால் மூன்று பேர் நிறுத்திய பிறகு நாத்தனார் இன்னொரு முறை இழுத்துவிட்டு நிறுத்துகிறார். சிட்டு குரலை உயர்த்திப் பார்த்தாள், முன்கூட்டியே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. நாத்தனாரோ தன் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஒலிபெருக்கி சரியில்லை என்று படகுக் கொட்டகைக்காரரிடம் போய் நின்றார். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மறுபடியும் போய் நின்றார். கொட்டகைக்காரர் புதிதாகவே ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அதுவும் சரியில்லை என்றார் நாத்தனார். ஆடத் தெரியாமல் கூடத்தைக் குறை சொல்கிறார் என்று மற்றவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். வாய்விட்டு யாரும் பேசவில்லை. படகை ஏற்றிப்போகிற இழுவை வண்டி நாத்தனாருடையது. இந்த நால்வரைச் சேர்த்துப் படகு வாங்க வைத்ததும் அவர்தான்.

அந்தக் காலையில் ஆற்றில் காற்று இருந்தது. ஒரு நீள ஓட்டம் முடித்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார்கள். கோச்சின் கடிகாரத்தில் இந்த முறையும் நேரம் தேறவில்லை. கோச்சின் மோட்டார் படகு பக்கத்திலேயே கடகடத்துக்கொண்டு நின்றது. சிட்டு இடுப்பில் கட்டியிருந்த மைக் பெட்டியின் குமிழைத் திருகி மைக்கை அணைத்தாள். அணைத்ததாக நினைத்தாள். கை ஈரமாக இருந்ததில் குமிழ் பாதி திரும்பி நின்றுவிட்டது.

டீச்சர் பக்கமாகக் குனிந்து, தணிந்த குரலில் அவள் சொன்னாள்:

“அண்ணிய வெச்சுக்கிட்டு நாம என்னைக்கும் கடைசிதான் டீச்சர். உடம்பு கேக்கலன்னா வீட்ல இருக்கணும். வண்டி அவங்களோடதுங்கிறதால யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறோம். அவங்களுக்கும் வேற போக்கிடம் இல்ல. வீட்ல பேச ஒரு ஆள் கிடையாது, ஏன்னு கேக்க ஒரு நாய் கிடையாது. காலங்காத்தால நம்மளப் பிடிச்சு வெச்சுக்குறாங்க. பாவம்னு பாத்துக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு இழுக்கிறது?”

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து, தான் சொன்னது அவருக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கடைசி வாக்கியத்தை அவள் முடிப்பதற்குள் கோச் மோட்டாரை நிறுத்திவிட்டார். ஆறு சட்டென்று அமைதியாயிற்று. அந்த அமைதியில் “எத்தன நாளைக்கு இழுக்கிறது” என்பதன் வால் படகின் மறுகோடியிலிருந்து, ஒலிபெருக்கியில், அவளுடைய குரலிலேயே அவளிடம் திரும்பி வந்தது.

மைக்கைப் பிடித்தே சோறு தின்கிறவள் அவள். பேசி முடித்ததும் அணை, அணைத்த பிறகும் தொட்டுப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். டீச்சரின் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். நர்ஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேங்க் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால், கடைக்கோடியில், நாத்தனார் கழுத்துத் துண்டால் துடுப்பின் கைப்பிடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோச்சும் கேட்டிருக்கிறார், அவர் எதிர்க்கரையில் இருந்த மரத்தை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு தானாகத் துறைக்குப் போகாது. அதே மைக்கில், அதே குரலில், “ரெடி” என்று சிட்டுதான் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னாள். குரல் உடைந்தது. நான்கு பேரும் வலித்தார்கள். வழியெல்லாம் டீச்சர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டே வலித்தார். முழங்காலோடு முழங்கால் முட்டுகிற இடத்தில் ஒருவர் முகத்தைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சிட்டு அன்று கண்டுகொண்டாள்.

கரையேறியதும் நாத்தனார் எப்போதும் போலப் படகின் மூக்கைத் தோளில் வாங்கிக்கொண்டு, ஏன் எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள், ஒரு நாள் நேரம் தேறவில்லை என்றால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார். காரில் வரும்போது, நேற்று ஒரு மாணவன் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் பூந்தொட்டி வரிசையையே காலி பண்ணிய கதையைச் சொல்லிச் சிரித்தார். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சிட்டுவால் குடிக்க முடியவில்லை. இவ்வளவு கேட்டுவிட்டும் ஒருத்தி இப்படி இருப்பாளா? தம்பியின் குடும்பத்தில் விரிசல் வரக்கூடாது என்று விழுங்கிக்கொள்கிறாரா, சமயம் பார்த்து ஒரேயடியாகக் கொட்டப் போகிறாரா? எதுவென்று தெரியாமல் வீட்டு வாசலில் இறங்கினாள். கதவைச் சாத்தப்போனவளை நாத்தனார் கூப்பிட்டு, பின்னிருக்கையிலிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்து நீட்டினார். காக்ஸ் உட்கார்ந்தே இருப்பவள், குளிர் ஏறிவிடும், உனக்கென்று வாங்கினேன் என்றார். அதை வாங்கிக்கொண்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அடுத்து வந்த நாட்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. படகில் எல்லோரும் அவள் சொன்னபடி வலித்தார்கள், நிறுத்தினார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. உடைமாற்றும் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. பேருந்து நிலையத்தில் பேசி முடித்துவிட்டு மைக் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பார்த்த மும்முரத்தில் ஒரு வண்டியின் நடைமேடையை மாற்றிச் சொல்லி, ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு அங்குமிங்கும் ஓடியது. கணவனிடம் பாதியைச் சொன்னாள். அக்காவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டதாக மட்டும். அவன் செய்தித்தாளை இறக்கி, அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றதும், அப்படியானால் பெரிதாக ஒன்றுமிருக்காது என்று மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டான். மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

டீச்சர்தான் ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் அவளை நிறுத்தினார்.

“மன்னிப்புக் கேட்டியா?”

அவர் அதைப் பற்றி எதுவுமே பேசவில்லையே என்று சிட்டு இழுத்தாள்.

“அவங்க பெரிய மனுஷி, பேசல. நீயும் அதையே சாக்கா வெச்சுக்கிட்டு சும்மா இருக்கே. எனக்கு உன் மூஞ்சிக்கு நேரா உக்காரவே பிடிக்கல.”

மறுநாள் மதிய இடைவேளையில் சிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். தெருவைப் பார்த்த ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் அட்டை, மூலையில் பழகுவதற்காக ஒரு மேசையில் பொருத்திய ஸ்டியரிங், நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு மாணவர்கள் வாசலில் தங்கள் முறைக்காக நின்றிருந்தார்கள். நாத்தனார் மேசைக்குப் பின்னால் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

சிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“என்ன?” என்றார் நாத்தனார்.

மறுபடி சொன்னாள். அன்றைக்கு மைக்கில் அப்படிப் பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்று. வாய்க்குள்ளேயே சொன்னாள்.

“நிமிர்ந்து பேசு சிட்டு. முனகினா என்ன புரியும்?”

மூன்றாவது தடவை அவள் நிமிர்ந்து உரக்கவே சொல்ல வேண்டி வந்தது. தொழில் குரல் தன்பாட்டில் வந்துவிட்டது. “அண்ணி, உங்கள வெச்சுக்கிட்டு ஜெயிக்க முடியாதுன்னு சொன்னேன். உங்களுக்குப் போக்கிடம் இல்ல, வீட்ல நாய்கூட இல்லன்னு சொன்னேன். மைக்க அணைக்கல. எல்லாரும் கேட்டாங்க. மன்னிச்சிடுங்க.” வாசலில் நின்ற மாணவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மரியாதையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாத்தனாரின் கையில் ரொட்டி அப்படியே இருந்தது.

“எப்போ?”

காற்றடித்த அன்று, நீள ஓட்டம் முடித்து நின்றபோது என்றாள்.

“மைக்லயா?”

“ஆமா அண்ணி.”

“டீச்சருக்குக் கேட்டுச்சு.”

“ஆமா.”

“எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பேங்குக்கு?”

“கேட்டுச்சு.” கோச்சுக்கும் கேட்டது என்பதை அவள் சொல்லவில்லை.

நாத்தனார் ரொட்டியைக் காகிதத்தின் மேல் வைத்தார். கோபம் வரும், கத்துவார், எழுந்து போ என்பார் என்று சிட்டு காத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது வேறு. கணக்கில் எங்கேயோ தப்பு நேர்ந்துவிட்டது என்று தெரிந்து, எங்கே என்று பின்னோக்கிப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது.

“எனக்குக் கேக்கலையே,” என்றார். “ஸ்பீக்கர் என் காலுக்கு அடியிலதான் இருக்கு. புதுசு.”

அப்போதுதான் சிட்டுவுக்கும் உறைத்தது. துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தது பெருந்தன்மை இல்லை. பூந்தொட்டிக் கதை பெருந்தன்மை இல்லை. மூன்று துடுப்பு இறங்கிய பிறகு இறங்கிய நாலாவது துடுப்பும் வயதாலோ வீம்பாலோ பிந்தவில்லை. அந்த அம்மாள் குரலைக் கேட்டு வலிக்கவேயில்லை. பேங்கின் முதுகு அசைவதைப் பார்த்துப் பார்த்து வலித்திருக்கிறார். ஒலிபெருக்கியில் தகராறு என்று இத்தனை நாளாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டு வந்தவருக்கு, அது ஒலிபெருக்கி இல்லை என்று இப்போது அவளே வந்து, மாணவர்கள் பார்க்க, உரக்கச் சொல்லியிருக்கிறாள். மனப்பாரத்தை இறக்கி வைக்க வந்தவள் அதைவிடப் பெரிய ஒன்றை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டாள்.

“அண்ணி, நான் வேணும்னு...”

“இந்தக் காது விஷயம் யார்கிட்டயும் சொல்லாத. உன் புருஷன்கிட்டயும்.” நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “டாக்டர் சர்டிபிகேட் குடுத்தாத்தான் எனக்கு லைசென்ஸ் புதுப்பிப்பாங்க. காது போச்சுன்னு ஆச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான். கிளம்பு, உனக்கு வேலைக்கு நேரமாச்சு.”

மறுநாள் விடியலில் கார் வரவில்லை. சிட்டு முதல் பேருந்தைப் பிடித்துக் கிளப்புக்குப் போனாள். நாத்தனார் வரவில்லை. மூன்று பேரை வைத்துக்கொண்டு அந்தப் படகை எடுக்க முடியாது. துறையில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று சிட்டு சொன்னபோது, கேட்ட லட்சணம்தான் தெரிகிறதே, ஆளையே விரட்டிவிட்டாய் என்றாள் நர்ஸ். அவள் சாதாரணமாக அதிர்ந்து பேசாதவள். சிட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், காது கேட்கவில்லை என்பதால்தான் வரவில்லை, நான் சொன்னதால் இல்லை என்று. பழி பாதியாகக் குறைந்திருக்கும். சிட்டு சொல்லவில்லை. வீட்டிலும் அதே கதை. அக்கா போனை எடுப்பதே இல்லை, நீ என்னதான் சொல்லித் தொலைத்தாய் என்று கணவன் குதித்தான். அவள் மீதிப் பாதியையும் அன்றைக்குச் சொன்னாள், காதை விட்டுவிட்டு. அவன், “நாய்கூட இல்லன்னா சொன்ன?” என்று கேட்டான். பிறகு எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் நாத்தனாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளைக்கு லீவு போடு, என்னோடு ஓரிடத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் இருந்தது. காது டாக்டரிடம் போவதற்கு என்று நேரில்தான் தெரிந்தது. ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கச் சிட்டுவுக்குத் துணிவு இல்லை. நாத்தனாரே சொன்னார்: வேறு யாரையாவது கூட்டிப்போனால் முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

பரிசோதனை அறை ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி இருந்தது. நாத்தனார் உள்ளே காதில் மூடிகளை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே பரிசோதிக்கிற பெண்ணின் மேசையில், சத்தம் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஆரம்பத்தில் விளக்கு எரிந்ததும் நாத்தனாரின் கட்டைவிரல் அழுத்தியது. போகப்போக விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, விரல் அசையவில்லை. நாத்தனார் முகத்தில் அவ்வளவு கவனம். பரீட்சை எழுதுகிற பிள்ளை போல நிமிர்ந்து, உதட்டை அழுத்திக்கொண்டு, வராத சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சிட்டு தன்னால் முடிந்தவரை பார்த்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அழுகை வந்தது. யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை, கூசிக்கொண்டுதான் அழுதாள்.

கருவி மாட்டினால் போதும், தொழிலுக்கு ஒன்றும் வராது, சான்றிதழும் எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். ஆனால் தண்ணீர் படக்கூடாது. படகில் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. இத்தனை பயந்ததற்கு இவ்வளவுதானா என்று படியிறங்கும்போது நாத்தனார் சிரித்தார். சிட்டுவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். நாத்தனார் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றேன். எனக்குக் காது கேக்காதது வேற, நீ சொன்னது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கழிச்சுடாத. நான் பிந்தினேன்னு சொன்னது நெசம், அதுக்கு எனக்கு வருத்தமில்ல. வீட்டப் பத்திச் சொன்னியே, அது உன் மனசுல இருந்திருக்கு. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசைல நான் உக்காந்தப்பல்லாம் இருந்திருக்கு.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் என்று இருவருக்குமே தெரியும். மூடிக்கொண்டாள்.

அந்த வார இறுதியில் நாத்தனார் கிளப்புக்கு வந்தார். கொட்டகையில், எல்லோரும் இருக்கும்போது, கருவியைக் காதிலிருந்து எடுத்துக் காட்டி, விஷயம் இதுதான் என்று சுருக்கமாகச் சொன்னார். கொட்டகைக்காரரிடம் ஒலிபெருக்கிக்காக மன்னிப்புக் கேட்டார். நர்ஸ், இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லையே என்று தன் தலையில் தட்டிக்கொண்டாள். எல்லோரும் நாத்தனாரைச் சூழ்ந்து நிற்க, டீச்சர் மட்டும் சிட்டு பக்கம் திரும்பி, “உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். சிட்டு ஆமென்று தலையசைத்தாள்.

படகில் தொடர வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார் நாத்தனார். அவரை ஸ்ட்ரோக் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அங்கே பார்த்து வலிக்க முன்னால் முதுகு கிடையாது, பிந்துவதற்கும் ஆள் கிடையாது. அவர் வலிப்பதுதான் தாளம். காக்ஸ் முகத்துக்கு நேரே இருப்பதால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கோச் யோசித்தார். டீச்சருக்கு அந்த இடத்தை விட மனமில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தன் கையுறைகளை எடுத்துக்கொண்டு பௌ இருக்கைக்குப் போனார். போகும்போது, அங்கேயாவது நிம்மதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சிட்டுவுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாத்தனாரின் முகம். தோளுக்கு மேலே எங்கேயோ பார்க்கிற முகம் இல்லை அது. அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காத முகம். குனிய முடியாது, முணுமுணுக்க முடியாது. பழக்கத்தில் சுக்கானைப் பார்த்துக்கொண்டே எதையாவது சொன்னால், “என்னப் பாத்துச் சொல்லு” என்று படகு முழுக்கக் கேட்கிற மாதிரி நாத்தனார் அதட்டுவார். ஒவ்வொரு சொல்லையும் அவருக்காகத் திருத்தமாக, முகம் கொடுத்துச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம், இதே உதடுதானே அதையும் சொன்னது என்ற எண்ணம் குறுகுறுத்தது. படகு சீராக ஓடத் தொடங்கியது. கார் மட்டும் மறுபடி வீட்டு வாசலுக்கு வரவில்லை. அக்கா கூட்டிப்போகவில்லையா என்று கணவன் கேட்டால், பேருந்துதான் தோது என்பாள்.

பந்தயத்தில் ஆறு படகில் நாலாவதாக வந்தார்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சிட்டு “ஈஸி” என்றாள். நான்கு துடுப்பும் ஒன்றாக நின்றன. பின்னால் பேங்க் எட்டி நர்ஸின் முதுகில் தட்டினாள். டீச்சர் கரையிலிருந்த யாருக்கோ கையசைத்தார். நாத்தனார் முன்னால் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது போல, வழக்கப்படி சிட்டுவின் வாயைப் பார்த்தார்.

சிட்டு குரலை எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். மன்னிச்சிடுங்க அண்ணி.

நாத்தனார் கொஞ்சநேரம் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தேன்,” என்றார் உரக்க. “பின்னாடி வர்ற படகுக்கு வழி வேணும். திருப்பு.”